ரெதோனின் ஒஃபீலியா: பூச்சாடியைச் சாய்த்தால் ஒரு பெண் வருவாளா?

கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

போன மாதப் பூச்சித்திர இழையில் பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோன் பெயர் வந்தபோது, தனியாகப் பேசலாம் என்று சொல்லியிருந்தேன். இதோ.

படம்: ‘பூக்களுக்கிடையே ஒஃபீலியா’ (ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் புத்தி பேதலித்து நீரில் மூழ்கிச் சாகும் பெண்தான் ஒஃபீலியா). லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. தாளில் பேஸ்டல் (நிறப்பொடிக் குச்சி), 64 செ.மீ. உயரம், 91 செ.மீ. அகலம். வரைந்த காலம் 1905-08 வாக்கில். பக்கவாட்டில் தெரியும் ஒரு பெண்முகம். அந்த முகத்தைவிட அதிக இடத்தையும் அதிக வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும் பூக்கள். என்ன பூ என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாது. பின்னால் இருப்பதைத் தண்ணீர் என்று நினைத்தால் தண்ணீர், இல்லை என்றால் வெறும் நிறம். ஆறு, கரை, மரம் என்று தனித்தனியாகக் காட்ட எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். ரெதோன் இதைப் பூச்சாடிப் படமாகத்தான் தொடங்கியிருக்கிறார், தாளை நெட்டுவாக்கில் வைத்து. பிறகு எப்போதோ தாளைப் படுக்கைவாக்கில் திருப்பிவிட்டார். சாடி சாய்ந்தது, பூக்கள் பக்கவாட்டில் பாய்ந்தன, அதற்கப்புறம்தான் ஒஃபீலியா வந்தாள். போனில் திரை சுழலாதபடி பூட்டிவிட்டு, படத்தைத் திருப்பிப் பாருங்கள். உடனே புரியும்.

அப்படியென்றால் இது ஒஃபீலியா படமா, ஒஃபீலியா பெயர் வைத்த பூச்சாடியா? ஒஃபீலியா படம்தான், அதுவும் நாடகத்துக்கு மிக நெருக்கமான ஒன்று என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள், பிறகு வருகிறேன்.

---

நாடகப்பித்தன்

நல்ல இழை. ‘ஹாம்லெட்’ பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பி.ஏ. ஆங்கிலத்தில் நோட்ஸ் பார்த்துப் பாஸ் பண்ணியவர்களுக்கு இந்த இடம் மறந்திருக்கும்.

ஒஃபீலியா சாவதை யாரும் மேடையில் பார்ப்பதில்லை. நாலாம் அங்கம் ஏழாம் காட்சியில் அரசி கெர்ட்ரூட் வந்து ஒஃபீலியாவின் அண்ணன் லேயர்ட்டீஸிடம் சொல்கிறாள், அவ்வளவுதான். ஓடைமேல் சாய்ந்து நிற்கும் வில்லோ மரம், அவள் கட்டிய மாலைகள், அதில் காஞ்சொறி, டெய்சி, ஊதாப் பூக்கள். மாலையைக் கிளையில் தொங்கவிட ஏறுகிறாள், கிளை முறிகிறது. உடுப்பு விரிந்து கொஞ்ச நேரம் அவளைக் கடற்கன்னி மாதிரி தாங்குகிறது. அவளோ பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறாள், தனக்கு வந்த ஆபத்து தெரியாதவள் போல, அல்லது அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த உயிர் போல. பிறகு உடுப்பு நனைந்து கனத்து அவளைக் கீழே இழுத்துவிடுகிறது.

இவ்வளவையும் ஒருவர் நின்று பார்த்திருந்தால் ஏன் கைகொடுத்துத் தூக்கவில்லை என்று தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அரசி நேரில் பார்த்தாளா, கேட்டதைச் சொல்கிறாளா, அண்ணனுக்காக அழகுபடுத்திச் சொல்கிறாளா? நாடகம் பதில் சொல்வதில்லை. அடுத்த அங்கத்தில் குழிவெட்டிகள் இருவரும் இந்தச் சாவு விபத்தா, தானாகத் தேடிக்கொண்டதா என்று கிண்டலும் சட்டமுமாகப் பேசிக்கொள்வார்கள். பாதிரியாரும் முழுச் சடங்கு செய்ய மறுப்பார்.

ஆக, ஒஃபீலியாவின் சாவை யார் வரைந்தாலும் அது அரசியின் வாய்வார்த்தையை வரைந்த படம்தான். ரெதோன் தெளிவில்லாமல் வரைந்ததைக் குறை சொல்ல இடமில்லை.

---

ஊமைவெயில்

நான் கொஞ்சம் முரண்படுகிறேன்.

1900க்குப் பிறகு ரெதோனின் பூ பேஸ்டல்களை வாங்க ஆள் இருந்தது. அதற்கு முந்தைய கறுப்புப் படங்கள், முட்டை முகம், பறக்கும் கண்விழி, சிரிக்கும் சிலந்தி இதெல்லாம் எழுத்தாளர்களுக்குப் பிடித்தவை. பூக்கள் வரவேற்பறைக்குப் போகக்கூடியவை. சரியாக வராத ஒரு பூச்சாடியைத் தூக்கிப் போட மனமில்லாமல் திருப்பி, ஒரு முகம் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் வைத்தால் அது படமாகிவிடும். தையல்காரர் பழைய பாவாடையைத் தலையணை உறையாக்குவது மாதிரி. அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதில் தத்துவம் தேடவேண்டாம்.

முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் ஒஃபீலியாவுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? ஒன்றும் கிடையாது. அதே முகத்துக்கு கவிஞர் தாந்தேயின் பியாட்ரிஸ் என்று பெயர் வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

---

பொடிக்கை

சாஃப்ட் பேஸ்டலில் வேலை செய்பவள் என்ற முறையில் ஊமைவெயில் அண்ணனுக்கு ஒரு பதில்.

எண்ணெய் வண்ணத்தில் படம் சரியாக வரவில்லை என்றால் சுரண்டலாம், மேலே பூசி மூடலாம். பேஸ்டலில் அவ்வளவு வசதி இல்லை. இந்தக் குச்சி கிட்டத்தட்ட வெறும் நிறமிப் பொடி. உருண்டு நிற்கக் கொஞ்சம் சுண்ணப்பொடி, ஒட்டுவதற்குத் துளி பிசின். அது காகிதத்தின் சொரசொரப்பில் சிக்கிக்கொண்டுதான் நிற்கிறது. நாலைந்து அடுக்கு ஏறியதும் அந்தச் சொரசொரப்பு நிரம்பிவிடும், அடுத்த குச்சி வழுக்கும். தூரிகையால் தட்டிக் கொஞ்சம் பொடியை எடுக்கலாம், ரொட்டித் துண்டால் ஒற்றலாம். அப்போதும் கீழே இருந்த நிறத்தின் சாயல் முழுதாகப் போகாது. அதனால் பாதியில் மனம் மாறினால், ஏற்கெனவே தாளில் இருப்பதோடு சமரசம் பேசியே ஆகவேண்டும்.

தாளைத் திருப்பிப் பார்ப்பது எங்களுக்குத் தினசரிப் பழக்கம். நிறங்கள் சமமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க, தலைகீழாக வைப்போம், சுவரில் சாய்த்து எட்டி நின்று பார்ப்போம். அப்படித் திருப்பும்போது பொருள் மறைந்து நிறம் மட்டும் நிற்கும் ஒரு நொடி வரும். பெரும்பாலானவர்கள் அதற்கப்புறம் மறுபடி நேராக வைத்துவிடுவார்கள். ரெதோன் வைக்கவில்லை. திருப்பிய பிறகு தெரிந்ததையே படமாக எடுத்துக்கொண்டார். தையல்காரர் உதாரணம் இங்கே பொருந்தாது அண்ணா. அவருக்குத் தலையணை உறை என்ன அளவு என்று முன்பே தெரியும்.

இன்னொன்று. ரெதோன் பேஸ்டலுக்கு வந்தது கரியிலிருந்து. ஐம்பது வயதை நெருங்கும்வரை பெரும்பாலும் கரியும் கல்லச்சுப் படமான லித்தோகிராஃபும்தான். கரியில் கறுப்பை முதலில் தேய்த்துவிட்டு, அதிலிருந்து வெளிச்சத்தைத் துடைத்து எடுப்பார்கள். என்ன உருவம் வரும் என்று தேய்த்துக்கொண்டே தேடும் கை அது. நிறத்துக்கு மாறினாலும் கை அதே கைதான்.

இந்த மாதிரிப் படங்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தீர்களா? இதழ்களில் குச்சியை அழுத்தி வைத்த இடமும், விரலால் தேய்த்த பின்னணியும் தனித்தனியாகத் தெரியும். அச்சில் இரண்டும் ஒரே வழவழப்பாகிவிடும். ரெதோனை அச்சில் மட்டும் பார்த்துவிட்டு ‘இனிப்பு மிட்டாய்’ என்று சொல்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

---

கரித்துண்டு

பொடிக்கை அக்கா, சொல்ல நினைத்ததில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஊமைவெயில், தலைப்பு பற்றிக் கேட்டீர்கள். ரெதோனின் குறிப்பேடு அவர் இறந்த பிறகு 1922ல் ‘தனக்குத்தானே’ என்ற பொருளுள்ள தலைப்பில் வந்தது. அதில் தன் படங்களுக்குத் தலைப்பு வைப்பதே சிலசமயம் மிகை என்கிறார். வைப்பதானால் தெளிவில்லாமல், எதையும் உறுதிப்படுத்தாமல், இரண்டு பக்கமும் பொருள்படும்படி இருந்தால்தான் நியாயம் என்கிறார். தன் படங்கள் இசையைப் போல நம்மைத் திட்டவட்டமில்லாத ஒரு வெளியில் நிறுத்துகின்றன என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ‘வேறு பெயர் வைத்தாலும் பொருந்தும்’ என்று நீங்கள் சொன்னால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் ஒஃபீலியா என்ற பெயர் தற்செயலாக வந்ததில்லை. இந்த ஒரு படம் மட்டும் அல்ல, 1900 முதல் சில ஆண்டுகளில் அவர் ஒஃபீலியாவைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். தண்ணீர்மேல் நீல மேலங்கியோடு மிதக்கும் ஒரு பேஸ்டலும் உண்டு. பிரான்சில் ஒஃபீலியாவுக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு இருந்தது. 1827ல் பாரிஸின் ஓதேயோன் அரங்கில் ஆங்கில நாடகக் குழு ‘ஹாம்லெட்’ போட்டபோது ஹாரியட் ஸ்மித்சன் ஒஃபீலியாவாக நடித்தார். பார்வையாளர்களில் பலருக்கு ஆங்கிலம் புரியாது. பைத்தியக் காட்சி புரிந்தது. கூட்டத்தில் இருந்த இசையமைப்பாளர் பெர்லியோஸ் பித்துப்பிடித்துப்போய், 1833ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். (அந்தக் கல்யாணம் என்ன ஆனது என்பது வேறு இழைக்குரியது.) அப்புறம் ஓவியர் தெலாக்ருவா ஹாம்லெட் லித்தோகிராஃப் வரிசை செய்தார், ஒஃபீலியா ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி நீரில் சரியும் ஓவியமும் வரைந்தார். ரெதோனுக்குத் தெலாக்ருவா கடவுள் மாதிரி. இளைஞராக இருந்தபோது ஒரு நடன விருந்தில் அவரைப் பார்த்துவிட்டு, இரவில் பாரிஸ் தெருக்களில் பின்னாலேயே வீடுவரை போனதாக எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம்விட முக்கியமான ஆள் அர்மான் க்ளாவோ. போர்தோ ஊரின் தாவரவியலாளர். நுண்ணோக்கி வைத்துக்கொண்டு, தாவரமா விலங்கா என்று சொல்ல முடியாத எல்லையில் இருக்கும் உயிர்களை ஆராய்ந்தவர். நாளில் சில மணி நேரம் மட்டும், வெளிச்சத்தில் மட்டும், விலங்குபோல இயங்கும் ஒரு தாவரத்தைப் பற்றி அவர் பேசியதை ரெதோன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். இளம் ரெதோனுக்கு எழுத்தாளர்கள் போதலேரையும் ஃப்ளொபேரையும் படிக்கக் கொடுத்தவரும் இவரே. 1890ல் க்ளாவோ தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு வந்த ‘கனவுகள்’ லித்தோகிராஃப் தொகுப்பு அவர் நினைவுக்குக் காணிக்கை.

இப்போது நாடகப்பித்தன் எடுத்துக்கொடுத்த வரியைப் பாருங்கள்: அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த உயிர் போல. மனுஷியா, நீர்த்தாவரமா என்று தெரியாத ஒரு நிலை. க்ளாவோவின் மாணவர் அங்கே நிற்காமல் எங்கே நிற்பார்? முகத்தையும் இதழையும் ஒரே பொடியால், ஒரே அழுத்தத்தில் வரைந்தால்தான் அதைக் காட்ட முடியும்.

---

ஊமைவெயில்

க்ளாவோ விஷயம் கனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘நண்பர் தற்கொலை செய்துகொண்டார், அதனால் ஒஃபீலியா’ என்று கோடு போட்டுவிடாதீர்கள். நடுவில் பதினைந்து வருஷம் இருக்கிறது.

---

கரித்துண்டு

அந்தக் கோட்டை நான் போடவில்லை. நான் சொன்னது தாவரவியல் பற்றி.

---

செண்பகப்பூ

இவ்வளவு நேரம் படித்ததில் ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். அப்பாவைக் காதலன் கொன்றுவிட்டான், காதலனே அவளை அசிங்கமாகப் பேசியிருக்கிறான், அண்ணன் ஊரில் இல்லை. அந்தப் பெண் புத்தி பேதலித்து மூழ்கிச் செத்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஆண்கள் அந்தச் சாவை அழகாக, மணமாக, பூப்போட்டு வரைந்து தள்ளினார்கள். ரெதோன் அதிலிருந்து எப்படி வேறுபடுகிறார்?

ஆங்கில ஓவியர் மிலேயின் ஒஃபீலியாவை எல்லோருக்கும் தெரியும், லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருப்பது, 1851-52. அதற்கு மாடலாக இருந்த எலிசபெத் சிடால் குளிர்காலத்தில் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் உடுப்போடு கிடந்தார். தொட்டிக்கு அடியில் வைத்த விளக்குகள் அணைந்துபோனது ஓவியருக்குத் தெரியவில்லை. அவர் வேலையில் மும்முரம். சிடாலுக்கு உடம்பு மோசமாகி, மருத்துவச் செலவுக்காக அவர் அப்பா 50 பவுண்டு கேட்டார். மூழ்கும் பெண்ணை வரைகிறேன் என்று ஒரு பெண்ணைக் கிட்டத்தட்ட அதே பாடு படுத்தியிருக்கிறார்கள். அந்தத் தொட்டிக் கதையைக் கேட்ட பிறகு என்னால் அந்த ஓவியத்தின் கையைப் பார்க்க முடிவதில்லை.

---

பொடிக்கை

செண்பகப்பூ, உங்கள் கேள்வி நியாயமானது. தற்காப்பாகச் சொல்வதென்றால் ஒன்று: ரெதோன் யாரையும் தொட்டியில் போடவில்லை. இந்த முகம் அவர் பல படங்களில் வரைந்த அதே பக்கவாட்டு முகம். பிணமும் இல்லை, நனைந்து ஒட்டிய உடுப்பும் இல்லை. பார்ப்பவருக்கு ரசிக்க உடலே கொடுக்கவில்லை.

---

செண்பகப்பூ

உடலை எடுத்துவிட்டால் வன்முறையும் சேர்ந்து போய்விடுகிறதே அக்கா. அதுதான் என் சிக்கல். மிலேயிடமாவது அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிகிறது. இங்கே அவள் தூங்குகிறாளா, கனவு காண்கிறாளா, தியானம் செய்கிறாளா என்றே தெரியவில்லை.

---

நாடகப்பித்தன்

செண்பகப்பூவோடு நானும் பாதி சேர்ந்துகொள்கிறேன். காரணம் நாலாம் அங்கம் ஐந்தாம் காட்சி.

அங்கே ஒஃபீலியா அரண்மனைக்குள் வந்து ஒவ்வொருவர் கையிலும் பூவும் தழையும் கொடுக்கிறாள். ரோஸ்மேரி நினைவுக்கு, பான்சி யோசனைக்கு என்று அவளே சொல்கிறாள். பெருஞ்சீரகமும் கொலம்பைனும் ஒருவருக்கு. அருவதா ஒருவருக்கு, அதில் தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறாள். வயலட் தந்திருப்பேன், அப்பா இறந்தபோது எல்லாம் வாடிவிட்டன என்கிறாள். யாருக்கு எது என்று மேடைக் குறிப்பு இல்லை, நடிகர்தான் முடிவு செய்யவேண்டும். முகஸ்துதிக்கு நின்ற பெருஞ்சீரகத்தையும் வருத்தத்துக்கு நின்ற அருவதாவையும் அரசன் அரசி கையில் வைத்தால் சபை நடுவில் குற்றச்சாட்டு வைத்த மாதிரி ஆகும். பைத்தியம் என்று பெயர் வாங்கியதால்தான் அவளால் அதைச் சொல்ல முடிகிறது. நாடகம் முழுக்க அவள் வாயடைத்து நின்ற பெண்; பூக்கள் கைக்கு வந்ததும்தான் எல்லோரையும் பார்த்துப் பேசுகிறாள்.

ரெதோனின் பூக்களுக்குப் பெயர் இல்லை என்று கரித்துண்டு முதலிலேயே பெருமையாகச் சொன்னார். எனக்கு அது இழப்பாகப் படுகிறது. பெயர் போனால் அவள் பேச்சும் போய்விடுகிறது. அந்த விஷயத்தில் மிலே அவளுக்கு உண்மையாக இருந்தார்: பான்சி, காஞ்சொறி, டெய்சி, கழுத்தில் வயலட் மாலை, எல்லாம் அடையாளம் காணும்படி வரைந்திருக்கிறார். நாடகத்தில் இல்லாத பாப்பிப் பூவை மட்டும் சாவுக்குக் குறியாகச் சேர்த்துக்கொண்டார்.

---

ஊமைவெயில்

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மிலேயும் பூக்களைத்தான் முதலில் வரைந்தார். 1851 கோடை முதல் நவம்பர் வரை சர்ரேயில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கரையும் செடியும் தண்ணீருமாக வரைந்து முடித்தார். ஐந்து மாதம் ஓடியதால், ஒரே நேரத்தில் பூக்காத செடிகளெல்லாம் அதில் சேர்ந்து பூத்திருக்கின்றன. ஒஃபீலியாவுக்கு இடம் விட்டுவைத்து, லண்டன் திரும்பிய பிறகுதான் சிடாலைத் தொட்டியில் படுக்கவைத்தார்.

ஆக இரண்டு பேரிடமும் பூ முதலில், பெண் பிறகு. மிலே ஒரு வெற்றிடத்தை விட்டுவைத்து அதற்குப் பெண்ணைத் தேடினார். ரெதோனின் தாளில் வெற்றிடமே இல்லை, சாடி நிறையப் பூ இருந்தது. பொடிக்கை சொன்ன சமரசம் அங்கேதான் நடந்திருக்கிறது. எனக்கு இன்னும் அது பூச்சாடிதான். ஆனால் முகத்தை மறைத்தால் ஒன்றுமில்லை என்று சொன்னேன் இல்லையா, அதே சோதனையை மிலேக்கு வைத்தால் ஓர் அருமையான ஆற்றங்கரை கிடைக்கும். அதுவும் ஒஃபீலியா இல்லைதானே.

---

கரித்துண்டு

அருமை. இந்த வாதத்தை நான் திருடிக்கொள்ளலாமா?

நாடகப்பித்தன், பெயர் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ரெதோனுக்குப் பூக்களின் பெயர் தெரியாமல் இருந்திருக்காது. தாவரவியலாளரிடம் பாடம் கேட்டவர், வேறு பேஸ்டல்களில் என்ன பூ என்று சொல்லக்கூடிய பூக்களை, மரியா போத்கின் என்ற ரஷ்யக் கலைஞர் செய்த சாடிகளில் வைத்து வரைந்திருக்கிறார். இங்கே பெயரை விட்டது தெரிந்து செய்த வேலை. அரண்மனை ஒஃபீலியா பேசுகிறாள், ஓடை ஒஃபீலியா பாடுகிறாள். அவர் இரண்டாமவளை எடுத்துக்கொண்டார். முதலாமவளை யாராவது சரியாக வரைந்திருந்தால் இங்கே போடுங்கள், தனி இழை தொடங்கலாம்.

செண்பகப்பூ, தூக்கமா சாவா என்று தெரியவில்லை என்றீர்கள். அது ரெதோன் வேண்டுமென்றே வைத்திருக்கும் குழப்பம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ‘மூடிய கண்கள்’ என்று 1890ல் வரைந்த ஓவியம் இருக்கிறது, பிரெஞ்சு அரசு அருங்காட்சியகத்துக்காக வாங்கிய அவருடைய முதல் ஓவியம். நீர்க்கோட்டுக்கு மேலே தோளும் தலையும் மட்டும், கண்மூடி. லூவரில் உள்ள மிக்கேலாஞ்சலோவின் ‘இறக்கும் அடிமை’ சிலையைப் பார்த்துக் கிடைத்த யோசனை. சாகிறானா தூங்குகிறானா என்று அந்தச் சிலையைப் பார்த்தும் சொல்ல முடியாது. உங்கள் கோபம் இதனால் தீரும் என்று சொல்லவில்லை. ஒஃபீலியாவுக்கு மட்டும் என்று அவர் கண்டுபிடித்த மழுப்பல் அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

---

செண்பகப்பூ

தீரவில்லை :) ஆனால் ‘மூடிய கண்கள்’ பார்த்தேன். அது பிடித்திருக்கிறது. அங்கே யாரும் எந்தக் கதையிலும் சாகவேண்டியதில்லை.

---

மழைக்காகிதம்

புதியவன். குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. அடுத்த கோடையில் லண்டன் போகிறேன். நேஷனல் கேலரிக்குப் போனால் இந்தப் படம் கண்டிப்பாக இருக்குமா? அப்புறம் பொடிக்கை அக்காவுக்கு: என்னிடம் ஒரு நண்பர் கொடுத்த பேஸ்டல் படம் இருக்கிறது, சென்னையில் எப்படிப் பாதுகாப்பது?

---

பொடிக்கை

லண்டன் பற்றி: பேஸ்டல் என்பதால் எப்போதும் சுவரில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தாள் வேலைகளுக்கு வெளிச்சம் ஆகாது. அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்கு மங்கலாக வைத்துக் கொஞ்ச காலம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துவிடும். அதிர்ந்தால் பொடி உதிரும் என்பதால் வெளியூர் கண்காட்சிக்கும் எளிதில் அனுப்ப மாட்டார்கள். கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தைப் பாருங்கள், எந்த அறையில் இருக்கிறது அல்லது காட்சியில் இல்லை என்று போட்டிருக்கும்.

உங்கள் படத்துக்கு: கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் தடித்த மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். என் படம் ஒன்றைப் பக்கத்துப் பிரேம் கடையில் கொடுத்தேன், ‘இடைவெளி விட்டால் பார்க்க நன்றாயிருக்காது’ என்று ஒட்ட வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து கழற்றினால் ஒரு கன்னம் முழுக்கக் கண்ணாடியில் இருந்தது. சாதாரண அக்ரிலிக் ஷீட்டும் வேண்டாம், துடைக்கும்போது வரும் நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்சேட்டிவை மேலே அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிறம் இருண்டுபோகும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் ஏறிப் பூஞ்சை வரும்.

---

மழைக்காகிதம்

நன்றி அக்கா. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, இன்றே கழற்றக் கொடுக்கிறேன்.

---

பொடிக்கை

கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கூடவே நில்லுங்கள். தட்டையாக, படம் மேலே பார்க்கும்படி எடுத்துப் போங்கள். பைக்கில் வேண்டாம்.